எட்டு என்று எழுதிய பலகை

ஒக்ரோபர் 6, திங்கள்

காலை 4 பாகை. பனிமூட்டம். கார்க் கண்ணாடி துடைக்கத் துணி கிடைக்காமல் இவருடைய பெனியனால் துடைத்தேன். இவருக்கு இன்னும் சொல்லவில்லை.

லாப்பில் புது மெசின் இடக்கு. மூன்று லென்ஸ் பிழையாக வெட்டுப்பட்டது. பிழை என் கையில் இல்லை. பதினெட்டு வருடமாக மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டுகிறேன். அரை மில்லிமீற்றர் பிசகினாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

மத்தியானம், முன்பு எங்கள் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்த எலியாஸின் மெசேஜ். மூன்று மாதத்துக்குப் பிறகு! சனிக்கிழமை அவனுடைய பழைய கூட்டாளி டேவின் கலியாணமாம், அதற்கு ரொறன்ரோ வருகிறான். ஞாயிறு எங்கள் வீடு. ஓர் இரவு தங்கலாமா என்று கேட்டிருக்கிறான். கேட்கிற கேள்வியா இது. பேஸ்மன்றில் விட்டுப்போன பெட்டியையும் பார்க்க வேண்டுமாம். "கப் எல்லாம் எடுக்கிறன் அன்ரி. சப்பாத்தைக் குப்பையில போடுங்கோ, இனித் தேவையில்லை." அவன் எழுதியது இங்கிலிசில். எனக்குள் கேட்டது இப்படித்தான்.

வரும்போது நினைவு முழுக்க அவனில். விட்பிக்குத் திரும்புகிற எக்சிற்றைத் தவறவிட்டு ஒசாவாவரை போய்த் திரும்பினேன். இவருக்கு "ரோட்டில சனம்" என்று சொன்னேன்.

ஒக்ரோபர் 7, செவ்வாய்

மழை. வேலையால் வந்து பேஸ்மன்ற் துப்புரவு.

பெட்டியில்: ஓட்டத்தில் வென்ற கப் 7 (ஒன்றுக்குக் கைபிடி இல்லை, மகள் மெலனி தூசி தட்டுகிறேன் என்று உடைத்தது). வெடித்த ஹெல்மெற் 1. தாய் கையால் எழுதிய சமையல் குறிப்பு, ஸ்பானிய மொழி. வண்டி ஓட்டும்போது போடுகிற சப்பாத்து ஒரு சோடி, முழங்கால்வரை உயரம், ஒவ்வொன்றிலும் நாலு கொளுக்கி, அடியில் இன்னும் மண். பெட்டியின் அடியில் பலகை.

பலகையை எடுக்காமல் மூடிவிட்டேன்.

அவன் வந்தது ஒரு மே மாதம். பத்தொன்பது வயது. விளம்பரத்தில் "தனி வாசல், அமைதியான குடும்பம்" என்று போட்டிருந்தோம். அமைதியான குடும்பம் என்று எழுதியது இவர், நான் பொறுப்பில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதுதான் வேலை என்று அந்தப் பெடியன் சொன்னதும் வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன் என்று நினைத்தேன். பிறகு போனில் காட்டினான். மண் மேட்டிலிருந்து வண்டியோடு மேலே எழும்பி, நாற்பது பேருக்கு நடுவில் போய் விழுகிறான். மோட்டோகுரோஸாம். ஸ்பெயினில் பதினாறு வயதிலேயே பெரியவர்களோடு ஓடியவன். அங்கே இருந்த குழு கலைந்துபோக, இங்கே ஒரு சின்னக் குழு கூப்பிட்டிருக்கிறது. ஐரோப்பாவில் பெரிய குழுவொன்றுக்குத் திரும்பிப் போவதுதான் அவனுடைய ஒரே நினைப்பு.

எங்கள் சொந்தத்தில் மட்டும் மூன்று எலியாஸ். பேரைக் கேட்டதுமே பாதி மனம் இளகிவிட்டது.

முதல் ஞாயிறு கணவாய்க் கறி வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டதும் கண் கலங்கிவிட்டான். உறைப்பு என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். உறைப்பு இல்லையாம். வீட்டில் அம்மா கணவாய் சமைப்பாவாம்.

இரண்டு கோடைகாலம் இருந்தான். இந்த வீடு அவ்வளவு சத்தமாக இருந்தது அப்போதுதான். கராஜ் முழுக்கப் பெற்றோல் மணம். ஓட்ட நாட்களில் விடிய ஐந்தரைக்குப் புட்டும் முட்டைப் பொரியலும். பிறகு ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் குனிந்து நிற்பான், நான் நெற்றிப்பக்கம் சிலுவை போடுவேன். "பிளாஸ்ரிக்கில சிலுவை போட்டு என்ன பிரயோசனம்?" இவர். போகும்போது "வாறன் அன்ரி" என்பான். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, மெலனி சொல்வதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டான்.

முதுகு பிடித்துவிட்டது. தைலம்.

ஒக்ரோபர் 8, புதன்

வெயில், ஆனால் குளிர். மேப்பிள் இலை ஒரே நாளில் கொட்டிவிட்டது.

மெலனி ஒட்டாவாவிலிருந்து வீடியோ அனுப்பினாள். கூடவே குரல் பதிவு. "அம்மா, உங்கட எலி இன்ரவியூ குடுத்திருக்கிறார். பாருங்கோ. நல்லாக் களைச்சுப் போனார்."

பார்த்தேன். மெலிந்திருக்கிறான். போன வருடம் கழுத்து எலும்பில் வெடிப்பு, அது ஆறிவிட்டது, ஓடலாம் என்று டொக்ரரும் சொல்லிவிட்டார். ஒரு பெரிய குழு வருகிற வருடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. பத்தொன்பது வயதில் எதற்காக ஏங்கினானோ அதே மாதிரிக் குழு. வருகிற செவ்வாய்க்குள் பதில் சொல்ல வேண்டும். மாட்டேன் என்று சொல்லப் போகிறானாம். ஏன் என்று கேட்கிறார்கள்.

அவன் சொன்னது (கீழே ஓடிய வரிகளை மூன்று தரம் வாசித்தேன்):

"இருபது வயசில கனடாவில கடைசி ஓட்டம். வெண்டால் சம்பியன். ஒரு சுற்று மிச்சம், எட்டு செக்கன் முன்னால நிண்டனான். எட்டையும் அந்த ஒரு சுற்றில துலைச்சன். பயமில்லை, நோவில்லை, சும்மா கை தளர்ந்து போச்சு. அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது, நான் ஓடி முடிக்கிற ஆள் இல்லை. பிறகு ஓடின எல்லா ஓட்டத்திலயும் அந்த எட்டுத்தான் ஞாபகம் வந்தது."

எட்டு இல்லை. இரண்டு.

எட்டு என்று எழுதியது நான்.

ஒக்ரோபர் 9, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. தலையிடி என்று சொன்னேன். பொய்யும் இல்லை.

எழுதிவிட்டால் மனம் ஆறுமோ பார்ப்போம்.

ஓடுகிறவனுக்கு ஒன்றும் கேட்காது. பின்னால் திரும்பிப் பார்த்தால் விழுவான். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அவனுடைய மெக்கானிக் பாதையோரம் பலகையோடு நிற்பான். எத்தனையாம் இடம், பின்னால் வருகிறவனுக்கும் அவனுக்கும் எத்தனை செக்கன், எத்தனை சுற்று மிச்சம். மூன்றே மூன்று எண். பலகையில் இருப்பதை ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. அது அவர்களுக்குத் தங்கள் கண் மாதிரி.

அவனுடைய மெக்கானிக் டேவ். அந்தக் கடைசி நாள் காலை டேவின் கை புகைக்குழாயில் பட்டுப் பொசுங்கி, மருந்து கட்டுகிற கூடாரத்தில். குழுவில் வேறு ஆள் இல்லை. "அன்ரி பிடிக்கட்டும், அன்ரியின்ர எழுத்து வடிவு" என்றான் எலியாஸ். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சேட்டுக்கு மேல் குழுவின் மஞ்சள் அங்கியையும் போட்டுக்கொண்டு போய் நின்றேன். கையில் நேரம் பார்க்கிற கடிகாரம், வாயில் பேனா மூடி.

காலை ஓட்டத்தில் விழுந்து அவனுடைய மணிக்கட்டு வீங்கியிருந்தது. துணிப்பட்டி சுற்றிக்கொண்டு ஓடினான். முதலாம் இடம். ஆனால் பெரிய மேட்டில் ஒவ்வொரு சுற்றும் வண்டி சரிந்து சரிந்து விழுகிறது, கழுத்து ஒடிகிற மாதிரி ஆடுகிறது. மற்ற மெக்கானிக்மார் தலையில் கை வைத்துவிட்டார்கள். பின்னால் வந்தவனுக்கும் இவனுக்கும் இடையில் 2 செக்கன். 2 என்று காட்டினால் இன்னும் முறுக்குவான். அடுத்த தரம் விழுந்தால் எழும்பமாட்டான்.

8 என்று எழுதினேன். வடிவாக, பெரிதாக.

பார்த்தான். தலையை ஆட்டினான். வேகத்தைக் குறைத்தான். கடைசி வளைவில் மற்றவன் கடந்து போனான். சம்பியன் அவன். பெரிய குழு கூட்டிக்கொண்டு போனதும் அவனைத்தான். எலியாஸ் ஒரு சின்னக் குழுவோடு திரும்பிப் போனான்.

முழு உடம்போடு போனான். அதைத்தான் ஐந்து வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பலகையைத் துடைத்ததும் நான். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து எடுத்ததும் நான். தோற்ற ஓட்டத்தைப் பற்றிக் கதைப்பதில்லை என்பது அவர்களுக்குள் வழக்கம். டேவும் கேட்கவில்லை. அந்த வழக்கம் எனக்கு எவ்வளவு வசதியாகப் போனது!

ஒக்ரோபர் 10, வெள்ளி

காற்று. குப்பைத்தொட்டி பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்கிறது.

இவருக்குச் சொன்னேன். தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"இப்ப என்ன செய்யப்போறீர்?"

"சொல்லப்போறன்."

"விசரே உமக்கு? சொன்னா அவன் திரும்பி ஓடப்போவான். வெடிச்ச கழுத்தோட. ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு? இப்ப அவனாவே விடுறான், விடட்டும்."

"டொக்ரர் ஓடலாம் எண்டு சொல்லியிருக்கிறார்."

"டொக்ரரே சிலுவை போட்டு அனுப்பினவர்?"

இவர் சொல்வதும் சரிதான். சொல்லாவிட்டால் அவன் வீட்டில் இருப்பான், கலியாணம் கட்டுவான், பிள்ளைகளுக்கு வண்டி பழக்குவான். ஆனால் தான் ஏலாதவன் என்று நினைத்துக்கொண்டே இருப்பான். சாகும்வரைக்கும். என் எழுத்தால்.

அந்த வருடமே பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மோட்டோகுரோஸ் என்றால் என்னவென்று சுவாமிக்கு விளக்கவே பத்து நிமிடம். அன்புக்காகச் சொன்ன பொய் என்று அவர் லேசாக விட்டுவிட்டார். பரிகாரம் மூன்று அருள்நிறைந்த மரியே. மூன்றோடு முடிகிற காரியமா இது?

தோட்டத்துக் குழாய் இன்னும் மூடவில்லை.

ஒக்ரோபர் 11, சனி

புல்லில் முதல் வெண்பனி.

வாங்கியது: கணவாய், தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், அவனுக்குப் பிடித்த மாம்பழ யூஸ். கடையில் அன்னம்மா அக்கா, "என்ன, வீட்டில விசேசமோ?" "ஓம், பெடியன் வாறான்." சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். எனக்குப் பெடியனே இல்லை. அன்னம்மா அக்காவுக்கும் அது தெரியும். கறிவேப்பிலை ஒரு பிடி கூட வைத்தா.

அன்றைக்குக் கிழித்த தாள் கோயில் பாட்டுப் புத்தகத்துக்குள் அப்படியே இருக்கிறது. மடித்த இடத்தில் மஞ்சள்.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

தூறல். பூசைக்குப் போய் வந்து சமையல்.

ஒரு மணிக்கு வந்தான். கட்டிப்பிடித்தான். கழுத்தைத் திருப்ப முழு உடம்பையும் திருப்புகிறான். முகச்சவரம் இல்லை, இருபத்தைந்து என்று சொல்ல முடியாது. கலியாணத்தில் டேவ் ஆடிய ஆட்டத்தை நடித்துக் காட்டினான். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். பழைய சத்தம் வீட்டில். அரை மணித்தியாலம் இருக்கும். அதையாவது கெடுக்காமல் விடு என்று ஒரு மனம்.

சாப்பிட முதலே சொல்லிவிட்டேன். சாப்பிட்ட பிறகு சொன்னால் சோறு போட்டு மயக்கிச் சொன்னது மாதிரி இருக்கும்.

கதிரையை இழுத்து இருந்தான். பிறகு, "உண்மையில எத்தினை?"

"ரெண்டு. எட்டு இல்லை ராசா. நீ ஒண்டையும் துலைக்கேல்லை. நான்தான் உனக்குப் பொய் காட்டினனான்."

தாளைக் கொடுத்தேன். மேசையில் விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு சுற்றாகக் கீழே வந்தான். நான் எட்டைக் காட்டியதற்கு முந்தின சுற்றில் விரல் நின்றது. அன்றைக்கு ஓடிய எல்லோரிலும் வேகமான சுற்று அதுதான். வீங்கின கையோடு.

"இதைப் போனிலயே பார்த்திருக்கலாம்," என்றான். "ஒருநாளும் பார்க்கேல்லை. வெக்கம்."

"கோவமெண்டா பேசு தம்பி."

ஜக்கெற்றும் போடாமல் வெளியே போய் கராஜ் கதவடியில் தூறலில் நின்றான். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் குடையோடு போனார், அவன் வாங்கவில்லை, இவரும் குடையை மடக்கிவிட்டுப் பக்கத்தில் நின்றார். இந்த மனிசனை எனக்கு இன்றைக்குப் புதிதாகப் பிடித்தது.

உள்ளே வந்து கேட்டான்: "ஏன் இப்ப சொன்னீங்கள்? சொல்லாமல் விட்டிருந்தா நான் வீட்டில இருந்திருப்பன். உங்களுக்கும் பயமில்லை."

"எனக்காகத்தான் அண்டைக்கு எட்டுப் போட்டனான். உனக்கு எண்டு சொல்லிச் சொல்லி, எனக்காகத்தான். நீ விழுகிறதை என்னால பார்க்கேலாமல் இருந்தது. இப்பவும் ஏலாது. ஆனா எண்ணிக்கை உன்னுடையது."

மன்னிப்புக் கேட்டேன். கணவாய் போட்டுச் சாப்பிட்டான். இரண்டாம் தரம் தானே எடுத்துப் போட்டான். பிறகு கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே போய்விட்டான். என்ன முடிவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒக்ரோபர் 13, திங்கள்

லீவு நாள். நல்ல வெயில், 9 பாகை.

எட்டு மணிக்குப் புறப்பட்டான், இவர் விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். புட்டு கட்டிக் கொடுத்தேன். பை கனம், தூக்கவே கஷ்டப்பட்டான். ஏழு கப் என்றால் சும்மாவா. வாசலில் நின்று, ஹெல்மெற் இல்லாத தலையைக் குனிந்தான். சிலுவை போட்டேன். நெற்றி சூடு. கழுத்தைத் தொடப் போய்க் கையை எடுத்துவிட்டேன்.

"வாறன் அன்ரி."

எப்போது என்று கேட்கவில்லை.

செய்ய வேண்டியவை: குழாய் மூட. இவருக்குப் பெனியன் வாங்க (சொல்லிவிட்டேன், சிரித்தார்). மெலனிக்கு போன். பேஸ்மன்றில் கட்டில் விரிப்புத் தோய்க்க.

11.20. விரிப்பு எடுக்கக் கீழே போனேன். பெட்டி திறந்தபடி. கப் ஏழும் அங்கேயே இருக்கின்றன, கைபிடி இல்லாததும். பலகை இருக்கிறது. சப்பாத்து இல்லை.