நான் இறந்துபோயிருந்த வீடு

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இரண்டாவது உலர்த்தி மறுபடி நின்றுவிட்டது. நனைந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நான் நிற்கும்போது 'ஐயோ' போனில் அழைத்தார். இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருக்கும் என் வீட்டை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்பவர். எப்போது பேசினாலும் "ஐயோ மேடம்" என்றுதான் ஆரம்பிப்பார். எங்கள் வீட்டில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

மாடிச் சுவரில் விரிசல் இன்னும் அகலமாகிவிட்டதாம். மூன்று வருடமாகக் குடித்தனம் இல்லாத வீடு இனி நிற்காதாம். வாங்குவதற்கு ஓர் ஆள் இருக்கிறாராம். விற்பதற்குச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதுமாம்.

"நான் ஒருதடவை வந்து பாத்துடறேனே."

"வேண்டாம் மேடம். பாத்தா உங்க மனசு தாங்காது."

எவ்வளவு அக்கறை!

மார்ச் 6

என் கணவர் சொல்கிறார், "போட்டுக் குடுத்துடு. தலைவலி விட்டுது." சொல்வது சுலபம். பதினைந்து வருடச் சம்பளத்தில் செங்கல் செங்கலாக எழுப்பிய வீடு. மாற்றல் மட்டும் வராமல் இருந்திருந்தால் இன்றும் அங்கேதான் இருந்திருப்பேன்.

கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். போடுவதற்கு முன், இந்த மூன்று வருடத்தில் ஐயோ அனுப்பிய படங்களை ஒருமுறை பார்க்கத் தோன்றியது. பூசணம் பிடித்த சுவர், பெயர்ந்த காரை, கீழே தேங்கிய தண்ணீர். தண்ணீருக்கு அடியில் பச்சைத் தரை.

பச்சையா? என் வீட்டில் எந்த அறையிலும் பச்சைத் தரை கிடையாது. மாடியும் கீழும் சிவப்பு. அந்தச் சிவப்புக்காக நான் கடை கடையாக அலைந்திருக்கிறேன்.

யார் வீட்டு ஈரத்தைப் பார்த்து நான் மூன்று வருடம் அழுதேன்?

மார்ச் 9

ரயில். ஐயோவிடம் சொல்லவில்லை. தூக்கம் வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

எங்கிருந்து தொடங்குவது?

வீடு நிற்கிறது. விரிசல் இல்லை, பூசணம் இல்லை. சன்னல்களுக்குப் புதுச் சாயம். கதவைத் தட்டினேன். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் திறந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி, விரல்களில் சாயக்கறை.

"கண்ணுக்கா? மேல வாங்க" என்றார்.

"இல்லைங்க. இது என் வீடு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாக, பைத்தியத்திடம் பேசுவதுபோல் சொன்னார்: "இந்த வீட்டுக்காரம்மா தவறிப்போய் மூணு வருஷம் ஆச்சும்மா."

"எப்படி?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது!

"நெஞ்சு வலியாம். தூக்கத்துலயே. பொறுப்பாளர் சொல்லும்போதே அழுதுட்டார். கூடப்பிறந்த அக்கா மாதிரியாம்."

எனக்காக அழுதிருக்கிறார்! கோபம் வரவேண்டிய இடத்தில் வாய் பிளந்து நின்றேன். என்ன மூளை! என்னைக் கொன்று, எனக்காகக் கண்ணீர் விட்டு, மூன்று வருடம் வாடகை வாங்கி, எனக்கே என் வீட்டின் சாவைப் படமாக அனுப்பிக்கொண்டு... இவ்வளவையும் ஒரு மனிதன் எப்படி மறக்காமல் நினைவில் வைத்திருந்தான்?

பத்திரத்தையும் அடையாள அட்டையையும் காட்டினேன். அவர் வாசித்தார். முகம் வெளுத்தது. "அப்ப நான் காலி பண்ணணுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். அதற்குள் மாடியைப் பார்த்துவிட வேண்டும் என்று ஏறினேன்.

வடக்குச் சன்னல் ஓரம் நீள மேசை. மேசைமேல் தட்டு. தட்டில் கண்கள். நாற்பது ஐம்பது இருக்கும். பழுப்பு, கறுப்பு, சாம்பல். எல்லாம் என்னைப் பார்த்தன. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

விபத்திலோ நோயிலோ கண்ணை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கண் செய்கிறார் இந்த அம்மா. தெருவில் இவரைக் 'கண்ணுக்காரம்மா' என்கிறார்களாம். ஒரு கண்ணை என் உள்ளங்கையில் வைத்தார். கிண்ணம்போல் குழிவாக, இலேசாக இருந்தது. வெள்ளையில் ஓடும் நரம்புகள் சிவப்புப் பட்டு நூல். ஒவ்வோர் இழையையும் பிரித்து ஒட்டுவாராம். கருவிழியில் நிறத்துக்குமேல் நிறமாகப் பதினெட்டுப் பூச்சு.

"ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கறவங்க உலகத்துல யாருமில்ல. இருக்கற கண்ணப் பாத்துப் பாத்து இல்லாத கண்ண வரையணும். அதுக்கு இந்த வெளிச்சம் வேணும். ஊரெல்லாம் தேடினேன். இந்தச் சன்னல் மாதிரி எங்கயும் அமையல."

அந்தச் சன்னலுக்காகக் கொத்தனாரோடு மூன்று நாள் சண்டை போட்டவள் நான். இவ்வளவு பெரிசா எதுக்கு என்று அவர் கேட்டதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை. பிடித்திருந்தது, வைத்தேன். அவ்வளவுதான்.

காலி பண்ணச் சொல்லும் வாய் எனக்கு இல்லை.

மார்ச் 12

கண்ணுக்காரம்மா, குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி ஐயோவை வரவழைத்தார். படியேறி வந்தவர் நாற்காலியில் என்னைப் பார்த்தார்.

"ஐயோ" என்றார். 'மேடம்' வரவில்லை.

ஒரு மூச்சு, அவ்வளவுதான். உடனே கண்ணுக்காரம்மா பக்கம் திரும்பி, "இவங்க காலமானவங்களோட தங்கச்சி. அச்சு அசல் அப்படியே இருக்காங்க பாருங்க" என்றார்! குரல்கூடத் தழுதழுத்தது.

சத்தியமாக, ஒரு கணம் கைதட்டத் தோன்றியது.

"எனக்குத் தங்கச்சியே கிடையாது" என்றேன். "வாங்கறேன்னு சொன்ன ஆள் யாரு?"

கண்ணுக்காரம்மாதான் சொன்னார்: "இவரோட மச்சினன். போன வாரம் வந்து மாடிய அளந்துட்டுப் போனார்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பச்சைத் தரையை நான் பார்க்காமல் விட்டிருந்தால்?

மார்ச் 13

காவல் நிலையம். "நீங்க இறந்துட்டதா அவர் எழுத்துல எங்கயாவது இருக்கா?" என்று எழுத்தர் கேட்டார். கண்ணுக்காரம்மா தன் வாடகை ஒப்பந்தத்தை நீட்டினார். என் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று தெளிவாக இருந்தது. கீழே ஐயோவின் கையெழுத்து.

எழுத்தர் இரண்டு முறை வாசித்தார். "செத்தவங்க நேர்ல வந்து குடுக்கற புகாரை இப்பதாம்மா எழுதறேன்."

சிரித்தேன். வெளியே வந்து அழுதேன். கண்ணுக்காரம்மா பக்கத்தில் வந்து நின்றார். ஏமாந்தது அவரும்தானே.

மார்ச் 29

வேலைக்குத் திரும்பிப் பத்து நாளாயிற்று. வழக்குப் பதிவாகிவிட்டது. ஐயோ ஜாமீனில் வந்திருக்கிறாராம், மச்சினனைக் காணோம். அவர் பார்த்துக்கொண்ட இன்னும் நான்கு வீடுகளின் சொந்தக்காரர்களும் என்னோடு புகார் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவரை வெளிநாட்டில் சிறையில் இருப்பதாகச் சொல்லிவைத்திருந்தாராம். "உன்னைக் கௌரவமா சாகடிச்சிருக்கான், சந்தோஷப்படு" என்கிறார் என் கணவர்.

ஏப்ரல் 22, செவ்வாய்

புது ஒப்பந்தம் எழுத வந்தேன். இனி நடுவில் யாரும் இல்லை, அவரும் நானும்தான். கீழே உட்கார்ந்திருந்தேன். மாடியிலிருந்து குரல்: "கொஞ்சம் வரீங்களா? ஒரு கை குறையுது."

நாற்பது வயதிருக்கும் அந்த மனிதருக்கு. மின்கம்பத்தில் வேலை செய்யும்போது இடது கண் போயிருக்கிறது. இரண்டு வருடமாகக் கண்ணாடி முன் நிற்கவில்லையாம். மனைவி மூலையில், புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு.

கண்ணுக்காரம்மா கைகழுவி, செய்துவைத்த கண்ணைக் கழுவி, அவர் மேலிமையைத் தூக்கி உள்ளே நழுவவிட்டார். "மெதுவா மூடித் திறங்க." என்னிடம் கண்ணாடியைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்.

அந்த மனிதர் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி மனைவியிடம், "நீ பாரு முதல்ல" என்றார்.

அந்த அம்மாள் அருகில் வந்தாள். குனிந்தாள். இந்தக் கண், அந்தக் கண் என்று மாறி மாறிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணுக்காரம்மாவிடம் திரும்பிக் கேட்டாள்:

"எதுங்க?"

அவருடைய நல்ல கண்ணில்தான் நீர் முதலில் வந்தது. இன்னொன்று சும்மா பார்த்துக்கொண்டே இருந்தது. நான் பிடித்திருந்த கண்ணாடி ஆடியதில் சன்னல் வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது. "ஆட்டாதீங்க" என்று கண்ணுக்காரம்மா அதட்டினார்.

அவர்கள் போனபின் கீழே இறங்கி ஒப்பந்தத்தை எழுதினோம். கண்ணுக்காரம்மா மூன்று வருடம் கேட்டிருந்தார். பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.