சேர்ந்த நுனிகள்

இன்று லத்தா பேட்டைச் சந்தையில் யாரோ அரக்கு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்தப் புளித்த வாடை பட்டதும் உன் கைகள்தான் கண்முன் வந்தன. மரப்பால் அரக்கு பட்டுப் பட்டு, முழங்கை வரை தடித்துச் சிவந்த கைகள்.

பக்கத்துப் பேட்டையான பபேடானில் இருந்த நம் பட்டறையில் நான் மரம் கடைவேன், நீ அரக்குப் பூசுவாய். ஜப்பானிய உணவகம் நடத்திய அந்த அம்மாள் இருநூறு ஜோடி சாப்பாட்டுக் குச்சிகள் கேட்டார். நாம் அதுவரை செய்ததிலேயே பெரிய வேலை அது. சொன்ன நாளுக்குள் முடிக்கும் அவசரத்தில், சரியாகக் காயாத மரத்தைக் கடைந்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. நீயோ ஒவ்வொரு குச்சிக்கும் ஐந்து முறை பூசி, ஈரக்காற்றில்தான் அரக்கு இறுகும் என்று ஈரத்துணி போட்ட பெட்டியில் வைத்து, தேய்த்து மெருகேற்றினாய். இரண்டு மாத உழைப்பு.

கொடுத்து மூன்று வாரத்தில் அந்த அம்மாள் பையோடு திரும்பி வந்தார். ஒரு ஜோடியை எடுத்து மேசையில் வைத்தார். குச்சிகள் வளைந்திருந்தன, நுனிகள் சேரவில்லை. தப்பு மரத்திலா பூச்சிலா என்று பர்மியில் கேட்டார். நீ ஒரு குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். உனக்குப் புரிந்துவிட்டது. மரம் காயவில்லை, தப்பு எங்கள் இருவருடையதும்தான், திரும்பச் செய்து தருகிறோம் என்றாய்.

அவர் போனதும் நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ கையில் களிம்பு தடவிக்கொண்டே கேட்டாய்.

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா வேணாம்னிருவே.”

“வேணாம்னுதான் சொல்லிருப்பேன். அப்புறம் ரெண்டு பேருமாப் போயி அந்தம்மாகிட்ட நாள் கேட்டிருப்போம். அவ்வளவுதானே.”

அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. நீ திட்டியிருந்தால்கூட அழுதிருக்கமாட்டேன்.

மழைக்காலம் முடிந்து மரம் நன்றாகக் காயும்வரை காத்திருந்து, இருநூறையும் மறுபடி செய்தோம். அந்த அம்மாள் நம்மை விருந்துக்கு அழைத்தார். நீ சரியாகச் சாப்பிடவே இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் நம் குச்சிகளால் மீனை எடுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என் காதருகே குனிந்து, “சேருதுடி” என்றாய்.

நீ போய் ஒரு வருடமாகிறது. இப்போது பூச்சு வேலைக்கு வேறொரு பெண் வருகிறாள். போன வாரம் கை தவறி ஒரு கட்டுக் குச்சிகளை அளவு குறைத்துக் கடைந்துவிட்டேன். அவள் கவனித்திருக்கமாட்டாள். எந்திரத்தை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டேன். இப்போதும் இது எனக்கு எளிதாக வருவதில்லை. சொல்லிவிட்டேன்.