மலைமேல் நீ, பஸ்ஸில் நான்

செயின்ட் ஹெலியர், ஜெர்சி
11 பிப்ரவரி 1996

அன்பு லுசீலியா,

நான் நலம். நீயும் உன் இரண்டு மாடுகளும் அப்படியே இருக்க வேண்டும். மே மாதம் இரண்டு வாரம் லீவு போட்டிருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக இந்த ஹோட்டலில் போர்வை மடிக்கிறேன். நம் மதீராத் தீவுக்கு வந்தபோதெல்லாம் கல்யாணம், சாவு, அண்ணன் வீட்டு அடுக்களை. மலையைக் கண்ணால் பார்த்ததோடு சரி.

போன வாரம் ஒரு ஜெர்மன்காரி நம் பீக்கோ ருய்வோ மலை உச்சியில் நிற்கும் படத்தைக் காட்டி, "நீங்க அந்த ஊருதானே, எத்தனை தடவ ஏறியிருப்பீங்க?" என்றாள். "அதுக்குக் கணக்கே இல்ல" என்று புளுகிவிட்டேன். அந்தப் பொய்யை இந்த வருஷம் நேர் செய்ய வேண்டும்.

வரைபடம் வாங்கிவிட்டேன். நாம் இருவரும் ஐந்து நாள் நடக்கிறோம். நான்காம் நாள் உன் வீட்டிலிருந்து கணவாய் ஏறி, அந்தப் பக்கம் குர்ரால் ஊரில் இறங்குகிறோம். உனக்கும் பூட்ஸ் வாங்கட்டுமா? கால் அளவு எழுது.

உன் பள்ளித் தோழி,
இல்டா

போவாவென்டூரா
2 மார்ச் 1996

அன்பு இல்டா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துச் சிரித்தேன். வரைபடத்தில் பாதை தெரியும், சேறு தெரியாதுடி. மே மாதம் எனக்கு மாடு கன்று போடும். முழங்காலும் சரியில்லை.

ஒன்று செய்கிறேன். நீ நட. நான் உன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் சுற்றி வந்து, நீ இறங்கும் ஊரில் உலர்ந்த துணியோடு நிற்கிறேன். பூட்ஸ் வேண்டாம்.

லுசீலியா

செயின்ட் ஹெலியர்
20 மார்ச் 1996

அன்பு லுசீலியா,

உன் மாடு ஜனவரியிலேயே கன்று போட்டுவிட்டதாம். உன் நாத்தனார் எழுதியிருக்கிறாள். பக்கத்துக் கடைக்குக்கூட நீ பஸ்ஸுக்கு நிற்கிறாயாம்.

உன் வீட்டுக்காரர் ஜுவெனல் வாய்க்கால் சரிபார்க்கப் போய் மண்சரிவில் விழுந்து இறந்தது அந்தக் கணவாய்ப் பாதையில்தான். நாலே வருஷத்தில் அதை மறந்துவிட்டு உனக்குப் பூட்ஸ் அளவு கேட்டேன். அவர் அடக்கத்துக்கும் நான் வரவில்லை. அந்த நாளைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுகிறேன்.

இல்டா

போவாவென்டூரா
9 ஏப்ரல் 1996

இல்டா,

அடிக்காதே. அது நல்ல பாதை. நீ நடந்து போ, நான் பஸ்ஸில் வருகிறேன்.

லுசீலியா

செயின்ட் ஹெலியர்
3 ஜூன் 1996

அன்பு லுசீலியா,

வந்து சேர்ந்தேன். முகத்தில் தோல் உரிகிறது. ஹோட்டலில் எல்லோரும் கேலி செய்கிறார்கள். உச்சியில் நின்ற படத்தை மூன்று பேருக்குக் காட்டிவிட்டேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நான்காம் நாள் குர்ரால் கோயில் வாசலில் பஸ் வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நீ என் முதுகுப் பக்கமிருந்து, மலையிலிருந்து இறங்கி வந்தாய். பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. பையிலிருந்து என் சர்க்கரை மருந்தை எடுத்து நீட்டி, "மொதல்ல ஊசியப் போடு" என்றாய். மறுநாள் முழுக்க என்னோடு நடந்தபோதும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. என்மேல் கோபமா?

இல்டா

போவாவென்டூரா
22 ஜூன் 1996

அன்பு இல்டா,

கோபமில்லை. சொன்னால் நீ அழுவாய், உன்னைச் சமாதானப்படுத்தவே அந்த நாள் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

உன்னை வழியனுப்பிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் பல்தசார், "குர்ரால் ரோட்டுல பாறை உருண்டுடுச்சு. ஃபுன்ஷால் டவுனோட சரி, அதுக்கு மேல வண்டி இல்ல" என்றான். உன் இன்சுலின் என் பையில். இறங்கிவிட்டேன். "எங்க போற?" என்றான். "குர்ராலுக்குத்தான்" என்றேன். அவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

வாய்க்கால் ஓரத்தில் பாதை குறுகியதும் கால் வரவில்லை. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கடைசியில் வாய்க்காலுக்குள்ளேயே இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்தேன். நகமெல்லாம் பாசி. எதிரே வந்த ஒரு வெளிநாட்டு ஜோடி, இதுதான் ஊர் வழக்கம் என்று நினைத்து, பூட்ஸைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்போடுதான் அவர் விழுந்த இடத்துக்கு வந்தேன்.

புதிதாகக் கம்பி கட்டியிருக்கிறார்கள். சரிந்த இடத்தில் புல் முளைத்துவிட்டது. அழுகை வரும் என்று உட்கார்ந்தேன், பசிதான் வந்தது. உனக்கென்று சுட்டு வைத்திருந்த பூண்டு ரொட்டியைப் பிரித்தேன். வீட்டில் சண்டை வந்தால் அவர், "சாப்ட்டுட்டு அழு, அழுகை எங்கயும் ஓடிடாது" என்பார். முழு ரொட்டியையும் தின்றேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன். எழுந்து மிச்ச வழியைப் பாதையிலேயே நடந்தேன்.

ஆகவே அந்த ரொட்டி உனக்குக் கிடைக்கவில்லை. மன்னித்துக்கொள். இப்போது ஞாயிறு பூசைக்கு நடந்தே போகிறேன். நாத்தனார் பின்னாலேயே, "மெதுவாப் போடி, சாமி அங்கயேதான் இருக்கும்" என்று மூச்சிரைக்க வருகிறாள்.

என் கால் அளவு முப்பத்தெட்டு.

உன்
லுசீலியா