தாய்மாமன் ஒப்புதல்

வைகாசி, ஞாயிறு இரவு.

வீரபாண்டியில் அக்கா மகள் மலருக்கு நிச்சயம். தேதி, மண்டபம் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அக்கா வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். தாய்மாமன் தொட்டுக் கொடுக்காமல் தாம்பூலத் தட்டு மாறாதாம். அதற்குப் பெயர் ஒப்புதலாம்! ஆபீசில் ஒரு பைப்பு வாங்கக்கூட நான் படித்துப் பார்த்துத்தான் ஒப்புதல் எழுதுகிறேன்.

“ஏத்தா மலரு, உனக்குச் சம்மதமா?” என்று கேட்டேன்.

மலர் நிமிரவே இல்லை.

“அவகிட்ட என்ன கேள்வி? மாப்பிள்ளை வீட்டுக்காரவுக காத்துக்கிட்டு இருக்காக. தட்டத் தொடு மாப்ள” என்று பல்லைக் கடித்தார் அவள் அப்பா.

நான் கையைக் கட்டிக்கொண்டேன். அந்த ஆள் என் கையைப் பிடித்து இழுத்துத் தட்டில் வைத்து அழுத்தினார். தாய்மாமன் ஒப்புக்கொண்டான் என்று பெண்கள் குலவை போட்டார்கள்.

மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது.