பெட்டிக்கு ஒன்றரை நிமிடம்

அனுப்புநர்:
பணியாளர் எண் 4417,
முதுநிலைப் பெட்டிப் பரிசோதகர்,
சரக்கு யார்டு, கிழக்கு வாயில்.

பெறுநர்:
ரயில் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்,
ஆணையர் அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: சென்ற மாதம் 19ஆம் தேதி சரக்கு வண்டி தடம் புரண்டது – பணியாளர்களின் அக்கறையின்மையே காரணம் என்னும் நிறுவன அறிக்கை – விடுபட்ட உண்மைகளைத் தெரிவித்தலும் என் பங்கை ஒப்புக்கொள்ளுதலும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இந்த ரயில் நிறுவனத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சரக்குப் பெட்டிகளைப் பரிசோதித்து வருகிறேன். வண்டி வந்து நின்றதும் இருபுறமும் நடந்து, சக்கரம், பிரேக், இணைப்புக் கொக்கி ஆகியவற்றைக் குனிந்து பார்த்து, சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி ஓசை கேட்டு, போகலாம் என்று கையொப்பமிடுவது எங்கள் பணி. அந்தக் கையொப்பம் இல்லாமல் எந்த வண்டியும் யார்டை விட்டு நகராது.

2. பணியாளர்களிடையே மனச்சோர்வும் வேலையில் அக்கறையின்மையும் பரவியிருப்பதாக நிறுவனத்தின் விசாரணை அறிக்கை ஆறாம் பக்கத்தில் கூறுகிறது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவை எங்கிருந்து வந்தன என்பது மட்டும் அந்தப் பக்கத்தில் இல்லை. அதைச் சொல்லவே இம்மனு.

3. சென்ற ஆண்டுவரை ஒரு பணிமுறைக்கு, அதாவது ஒரு ஷிப்டுக்கு, நாங்கள் ஏழு பேர். இப்போது நான்கு பேர். ஒரு பெட்டிக்கு நான்கு நிமிடம் என்றிருந்ததை ஒன்றரை நிமிடமாக்கினார்கள். எங்கள் ஓய்வறையில் ஒரு டிவியை மாட்டி, அதில் ஒவ்வொருவரின் பணியாளர் எண்ணையும் அவர் எடுத்துக்கொண்ட நேரத்தையும் காட்டினார்கள். நேரத்துக்குள் முடித்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. டீ குடிக்க உட்கார்ந்தாலும் தலைக்கு மேலே அதுதான் தெரியும்.

4. எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவரை எல்லோரும் 'டாக்டர்' என்றுதான் அழைப்போம். சக்கரத்தைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நாடி பார்ப்பது போலிருக்கும். அவர் என் அக்காவின் கணவர். உறவை மறைத்து மனு எழுதினேன் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது என்பதால் இங்கேயே குறிப்பிடுகிறேன்.

5. ஏழு மாதங்களுக்கு முன், ஒரு காலை முறையில், ஒரு சக்கரத்தின் ஓசை சரியில்லை என்று டாக்டர் வண்டியை நிறுத்தி, அந்தப் பெட்டியைக் கழற்றச் சொன்னார். வண்டி இரண்டு மணி நாற்பது நிமிடம் தாமதமானது. பணிமனையில் சோதித்தபோது சக்கரத்தில் விரிசல் ஏதும் இல்லை. அன்று அவர் தவறிவிட்டார் என்பதே உண்மை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் கழற்றச் சொன்ன ஒன்பது பெட்டிகளிலும் கோளாறு இருந்ததைப் பணிமனைப் பதிவேட்டில் தாங்கள் காணலாம்.

6. வேண்டுமென்றே வேலையை இழுத்தடிப்பதாக அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. யார்டு மேலாளர் என்னைத் தம் அறைக்கு அழைத்து, "உங்க ஆளுன்னு பாக்காதீங்க. ரெண்டே வரி எழுதிக் குடுங்க. மேல கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். அவரையும் முழுதாகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் மேசையிலும் ஒரு திரை இருந்தது, அதிலும் சிவப்புத் தெரிந்தது. 'இவர் சமீப காலமாக வேலையில் சுணக்கம் காட்டுகிறார்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அது பொய். டாக்டரைப் பொருள் கிடங்குக்கு மாற்றினார்கள். இப்போது கையுறைகளையும் துடைப்பங்களையும் எண்ணி அடுக்கிக்கொண்டிருக்கிறார். அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நீ எழுதினத அவரு தப்பா எடுத்துக்கல. நான் எடுத்துக்கிட்டேன்." அதன்பின் அவள் வீட்டுக்கு நான் போகவில்லை.

7. அதற்குப் பிறகு யார்டில் நடந்ததை வேலைநிறுத்தம் என்று சொல்ல முடியாது. யாரும் கூடிப் பேசவில்லை, கோஷம் போடவில்லை. குனிவதை மட்டும் நிறுத்திவிட்டோம். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு பெட்டி வீதம் நடந்துபோனால் கால் வலிக்கும், முதுகு வலிக்காது. மழை பெய்தால் கூரைக்கு அடியில் நின்றே படிவத்தை நிரப்பினோம். எங்களில் 'ரேடியோ' என்று ஒருவர் உண்டு. தம் மாமியார் வீட்டுக் கதை முதல் மந்திரிசபை மாற்றம்வரை நிறுத்தாமல் பேசுவார். அவர் பக்கத்தில் நடந்தால் ஐம்பது பெட்டி நீளம் தெரியாது. அவரும் பேச்சை விட்டுவிட்டார். கேட்டால், "பச்சை வந்தாச்சுல்ல, போதும்ணே" என்பார். அடுத்த மூன்று மாதங்களில் டிவி முழுக்கப் பச்சை. மிகச் சிறந்த யார்டு என்று எங்களுக்குச் சான்றிதழ் தந்தார்கள். அதை டிவிக்குக் கீழேயே மாட்டியிருக்கிறோம்.

8. இனி நான் எழுதப்போவது விசாரணைக் குழுவுக்குத் தெரியாது. 19ஆம் தேதி காலை பத்தே முக்கால் மணிக்கு, நாற்பத்தாறு பெட்டிகள் கொண்ட வண்டியின் மறுபுறம் ரேடியோ நடந்துகொண்டிருந்தார். அன்று என்னவோ அவர் குனிந்திருக்கிறார். வாக்கி டாக்கியில் என்னை அழைத்து, "அண்ணே, முப்பத்திரெண்டாவது ஒரு மாதிரி கேக்குது. நிறுத்தட்டுமா?" என்றார். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "டாக்டர் கதி தெரியுமில்ல. விடு, போகட்டும்."  ரேடியோ "சரிண்ணே" என்றார். கையொப்பமிட்டார். வண்டி போயிற்று.

9. முப்பது கிலோமீட்டர் தாண்டி, குடியிருப்புகளை ஒட்டிய வளைவில் அந்த முப்பத்திரண்டாவது பெட்டியின் சக்கரம் உடைந்தது. பெட்டி சரிந்து, ஒரு வீட்டின் சமையலறைச் சுவரை இடித்துக்கொண்டு நின்றது. துணி காயப்போடுவதற்காக அந்த வீட்டு அம்மாள் முன்பக்கம் வந்திருந்ததால் உயிர் பிழைத்தார். இரண்டு நாள் கழித்து நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். அடுப்பு இருந்த இடத்தில் செங்கல் குவிந்து கிடந்தது. ரயில்வேயில் வேலை பார்ப்பதாக மட்டும் சொன்னேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "யாராவது பார்த்துத்தானப்பா அனுப்பியிருப்பாங்க? அப்புறம் எப்படி இப்படி ஆகும்?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

10. கையொப்பம் ரேடியோவுடையது என்பதால் அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டிருக்கிறார். விசாரணையில் மூன்று முறை கேட்டும் என்னை அழைத்ததை அவர் சொல்லவில்லை. ஏன் என்று அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து என்னண்ணே பண்ணப் போறோம்?" என்றார். அவர் மனைவி உள் அறையிலிருந்து வெளியே வரவேயில்லை.

11. எஞ்சிய எங்களுக்கு இரண்டு நாள் உற்சாகப் பயிற்சி அளித்தார்கள். ஒரு மண்டபத்தில் கண்ணை மூடி உட்காரவைத்து, எங்களை ஒரு வலிமையான என்ஜினாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பின்வரிசையில் இருந்த பிரேக் பழுது பார்ப்பவர், "என்ஜினா நெனச்சா நம்மளயும் பாக்காமலே அனுப்பிருவாங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு எங்கள் ஆட்கள் சிரித்துக் கேட்டது அன்றுதான். முடிவில் ஒரு படிவம் தந்து, வேலை பிடித்திருக்கிறதா என்பதற்கு ஐந்து முகப் படங்களில் ஒன்றில் குறியிடச் சொன்னார்கள். எந்த முகத்திலும் குறியிட எனக்குக் கை வரவில்லை. அதைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில்தான் இம்மனுவின் முதல் வரிகளை எழுதினேன்.

ஆகவே, ஐயா அவர்கள் கருணையுடன் கவனிக்க வேண்டுவன:

அ) எட்டாவது பத்தியை என் ஒப்புதல் வாக்குமூலமாக ஏற்று, விசாரணையில் என் பெயரைச் சேர்க்க வேண்டும். யார்டின் வாக்கி டாக்கிப் பேச்சுகள் அறுபது நாள் வரையே பதிவில் இருக்கும். அதற்குள் அந்தப் பதிவைக் கைப்பற்ற வேண்டும்.

ஆ) ரேடியோவின் பணிநீக்கத்தை ரத்து செய்ய வேண்டும். கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டுத்தான் அவர் கையொப்பமிட்டார்.

இ) டாக்டருக்கு எதிராக நான் எழுதித் தந்ததைத் திரும்பப் பெறுகிறேன். இதற்காக அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஈ) முன்னறிவிப்பு இல்லாமல் தாங்கள் ஒருநாள் எங்கள் யார்டுக்கு வந்து, எவரேனும் ஒருவருடன் ஒரு வண்டியின் நீளம் நடந்து பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு தகவல். வரும் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எனக்குப் பணி. முதலில் வருவது நாற்பத்தொன்பது பெட்டிகள் கொண்ட வண்டி. என்னை அதற்குள் நீக்கிவிடாவிட்டால், நான் அத்தனையையும் குனிந்து பார்ப்பேன், தட்டுவேன், சந்தேகம் வந்தால் நிறுத்துவேன். ரேடியோவுக்குப் பதிலாக வந்தவர் உட்பட மற்ற மூவரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒருவர் சரி என்றார், இருவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த வண்டி தாமதமாகப் புறப்படும். எவ்வளவு தாமதம் என்று இப்போதே சொல்ல இயலவில்லை. காரணம் கேட்டு மேலாளர் எனக்கு எழுதும் முன்பே, காரணத்தை எழுத்தில் தந்துவிட்டேன்.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
பணியாளர் எண் 4417

இடம்: சரக்கு யார்டு
நாள்: இம்மாதம் 12, வெள்ளிக்கிழமை

நகல்: யார்டு மேலாளர் அவர்களுக்கு – இன்று மாலை நேரில் கொடுத்து, பெற்றதற்கு ஒப்பம் வாங்கப்பட்டது.