அன்பரசியின் அப்பாவிடம் நான் சொன்னது

சௌபாக்கியவதி மீராவுக்கு, ஊரப்பாக்கத்திலிருந்து அம்மா அநேக ஆசிகளுடன் எழுதுவது. பெருமாள் கிருபையில் அப்பாவும் நானும் சௌக்கியம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை பத்ரியும் இருமல் ஜலதோஷம் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதற்குள் கறுப்புக் கண்ணாடியோடு ஸ்டேஷன் வரை நடக்கிறார், சொன்னால் கேட்டால்தானே. போனிலேயே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் சொல்ல வெட்கமாகிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பாடம் எடுக்கும் ஒன்பதாம் வகுப்பில் அன்பரசி என்று ஒரு பெண். எட்டாவது வரை திருப்போரூர்ப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவள், இப்போது நம் பின் தெருவில் வாடகைக்கு இருக்கிறார்கள், அவள் அப்பா கண்ணாயிரம் லோடு வண்டி ஓட்டுகிறார். எங்கள் பள்ளியில் எல்லாம் இங்கிலீஷ், பரீட்சையில் கேள்வியே புரியாமல் பாதிப் பேப்பரை வெறுமனே விட்டுவிடுவாள். ஒரு நாள் கணக்கு டெஸ்டில் பாவமாக விழித்தாளே என்று கேள்வியைத் தமிழில் சொன்னேன், நான் சொல்லி முடிப்பதற்குள் போட்டுவிட்டாள். இது தெரிந்தும், இவளால் பத்தாவது ரிசல்ட் கெட்டுப்போகும், இப்போதே டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்று பிரின்சிபால் மீட்டிங்கில் சொன்னபோது நான் தலையைக் குனிந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம், வேறொன்றுமில்லை.

அதோடு போயிற்றா என்றால் இல்லை. பிரின்சிபாலுக்குத் தமிழ் வராது, பெற்றோரிடம் எடுத்துச் சொல்ல எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை கண்ணாயிரம் வந்தபோது பிரின்சிபால் ரிசல்ட், ரிசல்ட் என்றுதான் இங்கிலீஷில் சொன்னார். நான் அதை மறைத்து, உங்கள் பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை, அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறோம் என்று இதமான தமிழில் சொன்னேன். அந்த மனுஷர் கையைக் கட்டிக்கொண்டு, இன்னாம்மா பண்றது, நீங்க சொன்னா கரீட்டாத்தான் இருக்கும் என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். சீ என்று ஆகிவிட்டதடி எனக்கு. ஜெர்மன் வரவில்லை என்று பத்ரியை வேறு பள்ளிக்கு மாற்றப் பார்த்தபோது அவன் டீச்சர் எல்லோரிடமும் சண்டை போட்டுத் தன் வகுப்பிலேயே வைத்துக்கொண்டாள் என்று சொன்னாயே, அவள் பேர் வாயில் நுழையாமல் பத்ரி டீச்சர் என்றே சொல்லித் திருவிடந்தைப் பெருமாளுக்கு அர்ச்சனை பண்ணினவள் நான்!

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான் சொன்னது பொய், பெண்ணுக்குப் படிப்பு ஏறாமல் இல்லை, நாங்கள்தான் அவளுக்குப் புரியும்படி சொல்லித்தரவில்லை, ரிசல்ட்டுக்காகத்தான் அனுப்புகிறார்கள் என்று உடைத்துச் சொன்னேன். கண்ணாயிரம் திட்டியிருந்தால்கூடத் தேவலை, எனக்கு உட்கார நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்து, அப்போ நான் மக்கு இல்லியா டீச்சர் என்று கேட்டாள். ரெண்டு நாளா சாப்டாம அழுதுகினு கீதும்மா என்றார் அம்மாக்காரி. நீ மக்கு இல்லை, நான்தான் கோழை என்றேன், அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ. அப்புறம் கண்ணாயிரம் என் பக்கம் திரும்பினார். நாளிக்கு நான் வரேம்மா, எம் பொண்ணு அங்கியேதான் படிக்கும், நான் சொல்றத ஒண்ணு வுடாம அவுருக்கு இங்கிலீஷ்ல சொல்லுவீங்களா என்றார். சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் போனில் உளறிவைக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், பத்ரிக்கு முத்தம், தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு அவனை வெளியே அனுப்பாதே. தீர்க்காயுசாக இரு. மணி எட்டாகிறது, கண்ணாயிரம் பத்து மணிக்கு வருவார். இத்தனை வருஷத்தில் பிரின்சிபால் சொன்னதைத்தான் பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒரு தகப்பன் சொல்வதை அவருக்குச் சொன்னதே இல்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா வசுமதி