பானெட்டுக்குள் சரசரத்தது

ஜோசி,

அயர்ந்து தூங்கினாய், எழுப்ப மனம் வரவில்லை. தோசை மாவை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு மெக்கானிக் வெற்றிவேல் வருவார். இன்ஜினைப் பிரிக்க வேண்டாம், கார் சத்தம் நின்றுவிட்டது என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிடு.

விடிந்ததும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பானெட்டைத் திறந்தேன். ஃபேன் பக்கத்தில், உன் தையல் நூலால் கட்டிய குருத்தோலைச் சிலுவை! காய்ந்த ஓலையின் நுனி ஃபேனில் பட்டுத்தான் அந்தச் சரசரப்பு.

பெருங்களத்தூரில் நான் ஸ்டியரிங்கிலேயே கண்ணயர்ந்த அன்று, "இனிமே டிரெயின்ல போங்களேன்" என்று கெஞ்சினாய். கத்தினேன். "இந்தச் சிலுவையையாவது டாஷ்போர்டுல வைங்க" என்றாய். அதற்கும் கத்தினேன். அப்புறம்தான் யாருக்கும் தெரியாமல் கட்டியிருக்கிறாய், இல்லையா?

பீர்க்கன்கரணை ஏரியோரம் போகும்போதெல்லாம், குருத்தோலை ஞாயிறு பவனி மொத்தமும் ஓலையை அசைத்துக்கொண்டு என் பின்னாலேயே நடந்து வருவதுபோல இருக்கும். எங்கிருந்து வருகிறது இந்தச் சத்தம் என்று காது கொடுத்தபடியே ஓட்டினேன். ஒரு நாள்கூடக் கண் சொக்கவில்லை.

இன்று சிலுவையை அவிழ்த்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். வண்டியில் அப்படியொரு அமைதி. தெருமுனை திரும்புவதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.

கார் சாவி பிரிட்ஜ் மேல் இருக்கிறது.

அசரியா

பி.கு: சிலுவை என் சட்டைப் பையில். தாம்பரத்தில் டிரெயின் ஏறியதும் போன் பண்ணுகிறேன். இன்றைக்காவது எடு.